பட்டுக்கடை மெத்தையும் பனிமலையும்

பட்டுச் சேலை விற்பவனுக்கு வாய்தான் மூலதனம் என்று உலகம் நம்புகிறது. இது உடனடியாகத் திருத்தப்பட வேண்டிய பெரும் பிழை. பட்டுச் சேலை விற்பவனுக்கு மூலதனம் முழங்கால். அதிகம் பேசாமலே முப்பது வருடம் சேலை விற்று ஓய்வு பெற்ற ஒருவரை எனக்குத் தெரியும். முழங்கால் போன பிறகும் விற்ற ஒருவரை நான் கண்டதில்லை. மெத்தையில் சம்மணமிட்டு உட்கார வேண்டும், எழுந்து அடுக்கிலிருந்து சேலை எடுக்க வேண்டும், மறுபடி உட்கார்ந்து விரிக்க வேண்டும், "இதே கலர்ல வேற பார்டர்" என்றதும் மறுபடி எழுந்திருக்க வேண்டும். ஒரு கல்யாணப் பெண் மனசு வைத்தால் ஒரே மதியத்தில் ஒரு விற்பனையாளனை முடித்துவிட முடியும்.

அப்படிப்பட்ட முழங்காலை வைத்துக்கொண்டு, நாற்பத்தொன்பதாம் வயதில், குளிர்காலப் பனிமலையில் நடக்கக் கற்றுக்கொள்ளப் போனேன். நடுவயதில் எதையாவது புதிதாகக் கற்கப் புறப்பட்டு, வீட்டிலும் வேலையிடத்திலும் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கும் என் சக பாவிகளே, உங்கள் துணையை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

தேதி தீர்ந்த காலண்டர்

எங்கள் கடையில் என் இடத்துக்கு நேர் எதிரே ஒரு காலண்டர் தொங்குகிறது. சூரத்திலிருந்து ஜரிகை அனுப்பும் வியாபாரி கொடுத்தது. தேதித்தாள்கள் தீர்ந்து பதினோரு வருடம் ஆகிறது, படம் மட்டும் மிச்சம். ஒரு வெள்ளை மலைமுகடு, அதன் மேல் நீல வானம். முகட்டுக்கு அந்தப் பக்கம் என்ன என்று படம் சொல்லவில்லை. பக்கத்து இடத்தில் உட்காரும் ரஃபீக் பாயும் நானும் கூட்டமில்லாத மதியங்களில் இதைத்தான் விவாதிப்போம். அங்கே ஏரி இருக்கிறது என்பது அவர் கட்சி. இன்னொரு மலை என்பது என் கட்சி. பதினோரு வருடத்தில் இருவரும் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுத்ததில்லை.

ஆசை முதலில் அவருடையது. புதியவர்களுக்குப் பனியில் நடக்கச் சொல்லித்தரும் ஆறு நாள் பயிற்சி ஒன்று இருப்பதைக் கைபேசியில் கண்டுபிடித்தவரும் அவரே. இமயத்தில் பனி கெட்டியாக இருப்பது மார்கழியில். கல்யாண முகூர்த்தம் இல்லாததால் பட்டுக்கடையில் நீண்ட லீவு கேட்க முடிவதும் மார்கழியில் மட்டும். பஞ்சாங்கமும் மலையும் எங்களுக்காகவே பேசிவைத்துக்கொண்டதாக நம்பி இருவரும் பெயர் கொடுத்தோம். மருத்துவச் சான்று கேட்டார்கள். எனக்குக் கிடைத்துவிட்டது. ரஃபீக் பாயின் ரத்த அழுத்தத்தை இரண்டு முறை அளந்து பார்த்த மருத்துவர், மலை இருக்கட்டும், முதலில் ஊறுகாயை விடுங்கள் என்றார். பாயின் மனைவி எட்டு வருடமாகச் சொல்லிவருவதும் அதுவே. பாயின் மதிய டப்பாவில் சோறு குறைந்த நாள் உண்டு, எலுமிச்சை ஊறுகாய் குறைந்த நாள் கிடையாது. வெளியே வந்தவர் மருத்துவர் எழுதிய தாளை, சேலை மடிப்பது போல ஓரம் ஒட்ட மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நீ போய்ட்டு வா தாஸு. அந்தப் பக்கம் ஏரியா, மலையான்னு மட்டும் பாத்துக்கினு வந்து சொல்லு."

பாலாற்றில் பத்து கிலோ

பயிற்சிக்கு வரும் முன் முதுகில் பத்து கிலோ சுமந்து தினமும் ஐந்து கிலோமீட்டர் நடந்து பழக வேண்டும், மேடாக இருந்தால் நல்லது என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர்கள் காஞ்சிபுரத்தைப் பார்த்ததில்லை. இந்த ஊரில் உயரமானவை கோபுரங்கள் மட்டும்தான், அவற்றின் மேல் ஏறுவது பயிற்சிக் கணக்கில் வராது. கடைசியில் செவிலிமேட்டுப் பக்கம் பாலாற்று மணலைத் தேர்ந்தெடுத்தேன். உலர்ந்த மணலும் புதுப் பனியும் ஒரே குணம் கொண்டவை என்று எங்கோ படித்திருந்தேன். இரண்டும் நீங்கள் வைக்கும் ஒவ்வோர் அடியிலும் பாதியைத் தமக்கென்று எடுத்துக்கொள்ளும்.

பையில் பத்து கிலோ இட்லி அரிசியுடன் இரண்டு மாதம் நடந்தேன். ஆற்றோரத்தில் கீரை பறிக்கும் ஓர் அம்மா தினமும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் கேட்டுவிட்டார். "எந்த மலைக்குயா நேந்துக்கினு இருக்கிற?"

"இமயமலைம்மா."

"அங்க எந்த சாமி?"

"சாமிக்காக இல்லம்மா. சும்மா ஏறி, அந்தப் பக்கம் பாத்துட்டு வரலாம்னு."

"துட்டு குடுக்கிறாங்களா?"

"நாமதாம்மா குடுக்கணும்."

அவர் கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். "சாமியும் இல்ல, கூலியும் இல்ல. அப்புறம் யாருக்குயா இந்த மூட்ட?"

குடை

பனிச்சரிவில் வழுக்கும்போது அப்படியே உட்கார்ந்துவிட்டால் நின்றுவிடுவோம் என்று எண்ணுபவர்கள் பலர். அவர்கள் உட்கார்ந்த நிலையிலேயே பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேருவார்கள். செய்ய வேண்டியது வேறு. கையிலுள்ள பனிக்கோடரியை நெஞ்சுக்கு அடியில் பிடித்துக்கொண்டு குப்புறப் புரண்டு, அதன் மூக்கைப் பனியில் குத்தி, உடம்பின் எடை முழுவதையும் அதன்மேல் போட வேண்டும். இத்தனையும் ஒரு மூச்சுக்குள் முடிய வேண்டும். வீடியோவில் பார்த்தேன். எங்களிடம் சரிவு இல்லை, பனி இல்லை, கோடரி இல்லை. இருந்தவை கடை மெத்தை, அதன் மேல் இறுக்கி விரித்த வெள்ளைத் துணி, என் குடை.

காலையில் வாடிக்கையாளர் வருவதற்கு முன் ரஃபீக் பாய் என் இரண்டு காலையும் பிடித்து இழுப்பார், நான் புரண்டு குடையைக் குத்துவேன். "வேகம் பத்தல தாஸு, இதுக்குள்ள நீ நேபாளம் போய்ட்டிருப்ப" என்று அவர் உற்சாகப்படுத்துவார். ஆறாவது முறை இழுத்தபோது முதலாளி உள்ளே வந்தார். நான் குடையைக் கட்டிக்கொண்டு குப்புறக் கிடந்தேன். பாய் என் கால்களை விடாமலே, "ஒண்ணுமில்ல முதலாளி, தாஸு மலையிலர்ந்து வுழறான்" என்று விளக்கினார். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "வுழட்டும்பா. அந்த விரிப்ப யாரு மறுபடி இழுத்து வுடறது?"

எனக்குத் தெரிந்த இந்தி

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் ரயில் ஏறினேன். இரண்டு ரயில், ஒரு பஸ், ஒரு ஜீப். கடைசி வளைவில் ஜீப் திரும்பியதும் காலண்டர் தெரிந்தது. அதே முகடு இல்லை, அதற்கு ஏதோ ஒரு வகையில் உறவு. ஆனால் வெள்ளைக்கு மேல் நீலம் அதே இடத்தில் தொடங்கியது. பக்கத்தில் திரும்பி "பாய்" என்று சொல்லப்போனேன். பக்கத்து இருக்கையில் யாருடைய பையோ இருந்தது.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவள் கமலா. அந்த மலைக்காரப் பெண், என் மகளைவிட இரண்டு வயது பெரியவளாக இருக்கலாம். அவள் பேசியதெல்லாம் இந்தி. பொருள் கெடாமல் தமிழில் தருகிறேன். எனக்கும் இந்தி தெரியும், ஆனால் வடக்கிலிருந்து சேலை வாங்க வருபவர்களிடம் கற்றது. என்னிடம் இருந்தது மொத்தம் ஏழெட்டு வாக்கியம், எல்லாம் சரக்கின் தரத்தைப் பற்றியவை. முதல் நாள் பூட்ஸுக்கு அடியில் இரும்புப் பற்களைக் கட்டிக்கொண்டு நடக்கப் பழகினோம். காலை அகட்டி, பாதம் முழுவதையும் ஒரே நேரத்தில் பதிக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு காலின் பல் மறுகால் பேன்ட்டைக் கவ்வும். என் பேன்ட்டை மூன்று முறை கவ்வியது. கமலா ஓடிவந்து, கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டாள். பதற்றத்தில் எனக்கு வாயில் வந்தது, "ஒரிஜினல் ஹை, கலர் நஹி ஜாயேகா." அவள் குனிந்து கட்டை இழுத்துப் பார்த்தாள், அது கையோடு வந்தது. "கலர் போகாது அங்கிள்ஜி. கால்தான் போகும்."

மடிப்பு

மூன்றாம் நாள் காலை கூடாரங்களைக் கழற்றினோம். மற்றவர்கள் துணியைச் சுருட்டிக் கைக்கு வந்தபடி பைக்குள் திணித்தார்கள். இருபத்தாறு வருடம் பட்டு மடித்தவன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. பட்டை ஒரே மடிப்பில் வைத்தால் ஜரிகை முறியும், அதனால் சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிவைப்பது எங்கள் வழக்கம். கூடாரத்தில் பழைய மடிப்புத் தடங்களைத் தேடி, அவற்றைத் தவிர்த்து, ஓரம் ஓரத்தோடு ஒட்ட மடித்தேன். கையுறையோடு மடிப்பு சரியாக வரவில்லை என்று அதைக் கழற்றிவிட்டும் மடித்தேன். நிமிர்ந்தபோது மொத்தக் குழுவும் பையை மாட்டிக்கொண்டு, நடுங்கியபடி எனக்காகக் காத்திருந்தது. கமலா என் விரல்களைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "அங்கிள்ஜி, இதை யாரும் வாங்கப் போவதில்லை."

ஏழு வெள்ளை

ஒரு விஷயம் சொல்ல மறந்தேன். கடையில் எனக்கு வெள்ளை அடுக்கு. கிறிஸ்தவக் கல்யாணங்களுக்கு வெள்ளைப் பட்டு எடுப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி என் பெயரைக் கேட்டார், ஏசுதாஸ் என்றேன், அந்த அடுக்குக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டார். இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன். பால் வெள்ளை, முத்து, கிரீம், சந்தனம் என்று ஏழு வெள்ளை என் பொறுப்பு. அவற்றில் ஒன்றுக்கு ஹாஃப் ஒயிட் என்று பெயர். மீதிப் பாதி என்னவென்று யாரும் விளக்கியதில்லை. வெள்ளையைக் குழல்விளக்கில் காட்டக் கூடாது. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், நேராகப் பார்க்காமல், கழுத்தைச் சாய்த்துப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். அப்போதுதான் அது தன் குணத்தைக் காட்டும்.

நான்காம் நாள் பாடம், பனியைக் கண்ணால் அறிவது. சர்க்கரை போல மினுங்கினால் புதுப் பனி, கால் புதையும். நீலம் ஓடினால் உறைந்த பனி, இரும்புப் பல் வேண்டும். சுண்ணாம்பு போல மினுக்கமே இல்லாமல் இருந்தால், அது காற்று அடித்துக் குவித்த பலகை. அடியில் பொள்ளலாக இருக்கும், ஆள் ஏறினால் மொத்தமாகப் பெயர்ந்து ஆளோடு இறங்கும். கமலா சரிவைக் காட்டிக் கேட்டபோது மற்றவர்களுக்கு எல்லாம் ஒரே வெள்ளை. நான் கழுத்தைச் சாய்த்து, இது முத்து, அது பால், அந்தப் பள்ளத்தில் ஹாஃப் ஒயிட் என்று பிரித்துச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றிலும் தன் கைக்கோலைக் குத்திப் பார்த்தாள். ஒன்றும் தப்பவில்லை. மூன்று நாளாக எல்லாவற்றிலும் கடைசியாக வந்தவனை அவள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "நாளை மறுநாள் முகட்டுக்குப் போகும்போது நீங்கள் எனக்குப் பின்னால் இரண்டாவதாக வாருங்கள்."

வேறு சரக்கு

ஆறாம் நாள். முகட்டு ஏற்றம். மேலே போனால் அந்தப் பக்கம் தெரியும், பிறகு திரும்புவோம். விடிந்ததிலிருந்து ஏறினோம். முழங்கால் இருபத்தாறு வருட வியாபாரத்தை ஒவ்வோர் அடியிலும் நினைவூட்டியது. நான் அதனிடம் ரஃபீக் பாயின் பெயரைச் சொல்லிச் சொல்லி நகர்த்தினேன். பத்து மணி வாக்கில் முகட்டின் கோடு தலைக்கு மேல் வந்துவிட்டது. ஒரு சரிவைக் குறுக்கே கடந்தால் நூறு அடி. கோட்டுக்கு மேல் நீலம். அந்த நீலத்துக்குக் கீழே ஏரியோ மலையோ எதுவோ ஒன்று எனக்காகக் காத்திருந்தது. காற்றில் அந்தப் பக்கத்துக் குளிரே தனியாக முகத்தில் பட்டது என்று சத்தியம் செய்வேன்.

கமலா முதல் அடி வைக்கப் போனாள். நான், பழக்க தோஷம், கழுத்தைச் சாய்த்தேன். அந்தச் சரிவு நாங்கள் ஏறிவந்த வெள்ளை இல்லை. பார்க்காதது போல இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், அதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். எனக்குப் பின்னால் எட்டு பேர் இருந்தார்கள். "அலக் மால் ஹை" என்றேன். வேறு சரக்கு என்று பொருள், கடை இந்தி. அவள் நின்று, ஓரத்தில் கோலைக் குத்தினாள். காலிப் பெட்டியைத் தட்டிய சத்தம் வந்தது. குத்திய இடத்திலிருந்து ஒரு விரிசல், சேலையில் இழை இழுத்தது போல, சரிவின் குறுக்கே ஓடி நின்றது. கமலா கையைத் தூக்கி எல்லோரையும் திருப்பினாள். வேறு வழி இல்லை, மறுநாளும் இல்லை. இறங்கத் தொடங்கினோம். எனக்குப் பின்னால் வந்த சென்னைக்காரப் பெண், வங்கியில் வேலை செய்பவர், இந்தப் பயணத்துக்காக இரண்டு வருட லீவைச் சேர்த்துவைத்திருந்தவர், என் தோளைத் தொட்டு நன்றி சொன்னார். பிறகு முகட்டைத் திரும்பிப் பார்த்தார். "ஆனா உங்க கண்ணு கொஞ்சம் மோசமா இருந்திருக்கலாம்ணா."

ஏரியா, மலையா

திரும்பி வந்தபோது கடையில் பொங்கல் வியாபாரம் தொடங்கியிருந்தது.  மதியம் கூட்டம் கலைந்ததும் ரஃபீக் பாய் காலண்டரைப் பார்த்தபடி கேட்டார். "இன்னா தாஸு? ஏரியா, மலையா?"

"பாக்கல பாய்."

சொன்னேன். விரிசல் வரைக்கும் சொன்னேன். அவர் மடித்துக்கொண்டிருந்த சேலையை மடித்து முடித்தார். "எவ்ளோ தூரம் இருந்துது?"

"நம்ம வாசல்லர்ந்து எதிர் கட வரைக்கும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"நீ எதுக்குடா வாய தொறந்த?" என்றார். பிறகு அவரே, "தொறக்கலன்னா இங்க யாரு எனக்கு வந்து சொல்றது?" என்றார். மறுபடி காலண்டர் பக்கம் திரும்பினார். "அப்போ இன்னும் ஏரியாகூட இருக்கலாம், இல்ல?"

ஆக, ஏழு வெள்ளையைப் பிரித்தறியக் கற்றவனுக்கு மலை கொடுக்கும் பட்டம், முகட்டுக்கு நூறு அடி முன்னால் எல்லோரையும் நிறுத்திவிடும் அதிகாரம் மட்டுமே.

மறுநாள் மதியம் ரஃபீக் பாய் டப்பாவைத் திறந்தார். ஊறுகாய் இல்லை.