பஸ்ரியன் அண்ணை ஓம் எண்டால்

பஸ்ரியன் நடுவிரலை மடக்கி, பழைய வான் வண்டியின் பின்கதவில் மேலே இரண்டு தட்டு, கீழே ஒரு தட்டுத் தட்டிவிட்டு, இடது காதை அதில் ஒட்டவைத்துக் கண்ணை மூடினார். வானை விற்க நின்ற பெடியனும் வாங்க வந்த நவரட்ணமும் குளிருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"உது அடிபட்ட கதவு," என்றார் கண்ணைத் திறக்காமலே. பிறகு சட்டைப் பையிலிருந்து சின்னக் காந்தம் ஒன்றை எடுத்துக் கதவில் வைத்தார். காந்தம் ஒட்டாமல் வழுகிப் பனிக்குள் விழுந்தது. "கண்டியளோ நவம்? உள்ளுக்குத் தகரம் இல்லை, முழுக்கப் பசை. வாருங்கோ போவம்."

இந்த "வாருங்கோ போவம்" ஸ்காபரோவில் கனபேருக்குப் பழக்கமான வசனம். பழைய கார், பழைய குளிர்சாதனப் பெட்டி, புது வீடு, கலியாண மண்டபம், எதுவாக இருந்தாலும் பஸ்ரியனைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டாமல் வாங்கினவனை மற்றவர்கள் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். அவர் பல வருடங்கள் கராஜ் ஒன்றில் கார்களின் நெளிவு எடுத்தவர். சுத்தியல் சத்தத்தில் வலது காது போய்விட்டது. மிச்சமிருக்கிற இடது காதுதான் ஊருக்குப் பயன்படுகிறது. காது மந்தம் என்பதால் அவர் இரகசியம் சொன்னாலும் பக்கத்து வீட்டு நாய் எழும்பும்.

காந்தம், பேனா அளவில் ஒரு ரோச் லைற், எஞ்சின் ஒயில் கம்பி துடைக்க மடித்த ரிசுத் தாள். இந்த மூன்றும் இல்லாமல் அவர் பூசைக்கும் போவதில்லை. தமிழ்க் கடையில் வத்தகப்பழத்தைத் தட்டுவார். டொக்டரின் அறையில் காத்திருக்கும்போது சுவரைத் தட்டுவார். ஆனால் அவருடைய உண்மையான வித்தை நடையில் இருக்கிறது. "வாருங்கோ போவம்" என்று சொல்லித் திரும்பினால் பிறகு பின்னால் பார்க்கமாட்டார். "விக்கிறவனுக்கு முதுகைக் காட்டோணும். முகத்தைக் காட்டினால் விலை ஏறும்," என்பார். அவருடைய கை கார்க் கதவைத் தொடும் முன்னமே விற்கிறவன் பின்னால் ஓடிவருவான். ஓடிவராவிட்டால் சாமானில் பிழை. எப்படிப் பார்த்தாலும் பஸ்ரியன் சரி. விட்டுவிட்டு வந்த ஒன்றிடம் அவர் ஒருநாளும் திரும்பிப் போனதில்லை.

அவரும் மனைவி றெஜினாவும் மார்க்கம் வீதியில் ஒன்பதாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஏஜாக்ஸிலும் ஸ்ரௌவ்விலிலும் அவர் தட்டாத வீடு இல்லை. ஒன்றில் நிலக்கீழ் அறையில் ஈரம், ஒன்றில் கூரை, ஒன்றில் பக்கத்து வீட்டு மரம்.

"ஊருக்கெல்லாம் வீடு பாத்துக் குடுத்த மனுசன், எனக்கெண்டால் ஒண்டும் சரிவரேல்லை," என்று றெஜினா வருகிறவர்களுக்கெல்லாம் தேத்தண்ணியோடு சேர்த்துப் பரிமாறுவா. "என்னைப் பொம்பிளை பாக்க வந்தண்டைக்குத் தட்டிப் பாக்க மறந்துபோனார். அதால நான் தப்பினன்."

இதற்குப் பெரிதாகச் சிரிக்கிறவர் பஸ்ரியன்தான்.

போன மாசி மாதம், தெரிந்தவன் ஜூலியன் தொலைபேசியில் கூப்பிட்டபோது அவர் அதே சிரிப்போடுதான் எடுத்தார். ஜூலியனின் மகன் பல்கலைக்கழகம் போகும்போது ஒரு பாம்பை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தான். கோர்ன் ஸ்நேக் என்கிற, சப்பாத்துக் கயிறு மாதிரி மெல்லிய சாதி. அதை அவனுடைய தாய், ஜூலியனின் மனைவி வேரோனிக்கா பார்த்துக்கொண்டாள். முதலில் இடுக்கியால் எலி கொடுத்தாள், பிறகு கையில் எடுத்தாள், இப்போது போவா என்கிற மலைப்பாம்புச் சாதியில் ஒன்று வேண்டும் என்கிறாள்.

"வெங்கிணாந்தி அண்ணை, வெங்கிணாந்தி! ஃபிறிசருக்குள்ள கணவாய் மீனுக்குப் பக்கத்தில ஏற்கெனவே எலி கிடக்குது. இனி முயலும் வந்து கிடக்கும். நான் நேரடியா வேண்டாம் எண்டால் வீட்டில முகத்தைத் தூக்குவா. அதால பஸ்ரியன் அண்ணை ஓம் எண்டால் எனக்கும் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். நீங்கள் சும்மா போய், வழமைபோலச் சொன்னால் காணும்."

பஸ்ரியனுக்குத் தொலைக்காட்சியில் பாம்பு வந்தாலே கால் இரண்டும் தானாகக் கதிரையில் ஏறிவிடும். ஆனால் "எனக்குத் தெரியாது" என்ற வசனம் அவருடைய வாயில் பழகாதது.

"எத்தினையாம் ஆண்டு?" என்று கேட்டார்.

"போன வருசம் பிறந்ததாம்."

"அப்ப ஓட்டம் குறைவு. பாப்பம்."

சனிக்கிழமை வேரோனிக்காதான் கார் ஓடினாள். ஒஷாவாவில் ஷெரில் என்ற வெள்ளைக்காரப் பெண்ணின் வீட்டில் குட்டிகள் இருந்தன. வேரோனிக்கா அதிகம் கதைக்கிறவள் அல்ல. அதனால் பஸ்ரியன் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கதைத்துக்கொண்டு வந்தார். ஏஜாக்ஸ் தாண்டும்போது கேட்டார்.

"ஏன் பிள்ளை, உனக்கு உந்தக் கண்டறியாத வேலை?"

"நான் கொம்பனியில ஆக்களின்ர முறைப்பாடு கேக்கிற வேலை அண்ணை. நாள் முழுக்கக் காதுக்குள்ள கத்துகினம். வீட்டை வந்தால் இவற்ற ரீவிச் சத்தம். உது ஒண்டுதான் ஒண்டும் கேக்காமல் கையில கிடக்கும்."

"அதுக்கு இருக்கிற பாம்பு காணாதோ?"

"அது ஓடித்திரியிற சாதி. கையில நிக்காது. போவா பாரம். கிடந்தால் கிடந்ததுதான்."

பஸ்ரியன் வலது காதைத் தடவினார். "காது கேக்காததும் ஒரு சுகம்தான் பிள்ளை," என்றார். "றெஜினா என்ர வலது பக்கம்தான் படுக்கிறவ."

ஷெரிலின் நிலக்கீழ் அறை ஊர் வெய்யில் போலச் சூடாக இருந்தது. சுவர் நீளத்துக்கு, இழுத்துத் திறக்கிற பிளாஸ்ரிக் லாச்சிகள். ஒவ்வொரு லாச்சியிலும் ஒரு பாம்பு. பஸ்ரியன் பழக்கதோசத்தில் முதல் லாச்சியைத் தட்டினார். ஷெரில் பதறி ஓடிவந்து, தட்டவேண்டாம், அதுகள் பயப்படும் என்றாள். அவர் கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆயுதத்தை வாசலில் பறிகொடுத்த பொலிஸ்காரரின் முகம்.

"எத்தினை கை மாறினது எண்டு கேள்."

"மாறேல்லை அண்ணை. எல்லாம் இஞ்ச பிறந்தது."

"எவ்வளவு பெருக்கும்?"

"மூண்டு மீற்றருக்கு மேல வளருற பாம்பை வீட்டில வைச்சிருக்கச் சிற்றிக் கவுன்சில் விடாது. ஆண் எண்டால் அவ்வளவு வராது. தாயைப் பாத்தால் கொஞ்சம் விளங்கும்."

"அப்ப தாயைக் காட்டச் சொல்லு."

ஷெரிலுக்குச் சந்தோசம். பெரிய கண்ணாடிப் பெட்டியின் கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள். பஸ்ரியனின் முழங்கால் தடிப்பில் ஒரு பாம்பு தலையைத் தூக்கி, வந்தவர் யார் என்று பார்த்தது. அவர் பின்னால் ஓரடி வைத்து வேரோனிக்காவின் காலை மிதித்தார். "காணும், காணும். நல்ல குடும்பம். மூடச் சொல்லு."

விற்பனைக்கு இரண்டு ஆண் குட்டிகள் இருந்தன. ஒன்று செம்மஞ்சள், துலக்கிய செம்புக்குடம் மாதிரி மினுங்கியது. அதன் படத்தை வேரோனிக்கா தன் தொலைபேசியில் பலநாளாக வைத்திருந்தாள். மற்றது வாழைச்சருகு நிறம். மினுக்கத்தைப் பார்த்து மயங்காமல் இருக்கத்தான் பஸ்ரியன் வந்திருக்கிறார். அவள் ஒன்றன்பின் ஒன்றாகக் கையில் எடுத்துப் பிடிக்க, அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, கையை நீட்டி, ரிசுவால் அவற்றின் முதுகைத் துடைத்தார். ரிசுவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஷெரில் கைதட்டாத குறை.

"ஏனாம் சிரிக்கிறாள்?"

"உண்ணி இருந்தால் ரிசுவில கறுப்புப் புள்ளியா ஒட்டும். உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்காம்."

"ஓம், ஓம். அதைத்தான் பாத்தனான்," என்றார் பஸ்ரியன்.

அடுத்தது காது. எஞ்சின் சத்தத்தைக் கேட்காமல் அவர் ஒன்றையும் தீர்மானித்ததில்லை. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு குனிந்து, செம்மஞ்சள் குட்டியின் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொடுத்தார்.

"அண்ணை," என்றாள் வேரோனிக்கா மெதுவாக. "மற்றக் காது."

வேறு வழி இல்லை. இடது காதைக் கொடுத்தார். அவருடைய கழுத்து நரம்பு புடைத்து நின்றது. இரண்டையும் கேட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தார். "ரெண்டிலயும் ஒரு சத்தமும் இல்லை பிள்ளை. நிண்டுபோச்சுப் போல."

"மூச்சுச் சத்தம் கேட்டால்தான் அண்ணை வருத்தம். கேக்காட்டி நல்ல சுகம்."

"சத்தமில்லாத எஞ்சினை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

இவ்வளவும் சரியாகத்தான் போனது. பிறகு ஷெரில் வாயைத் திறந்தாள். செம்மஞ்சள் குட்டி அழகுதான், ஆனால் சாப்பாட்டில் பிடிவாதம், சிலநேரம் எலியைத் திரும்பியும் பார்க்காது. பழகாத கைக்கு அது தலையிடி. வாழைச்சருகு ஒருநாளும் சாப்பாட்டை விட்டதில்லை, அதையே கொண்டுபோங்கள், விலையும் குறைவு என்றாள்.

பஸ்ரியனின் புருவம் ஏறியது. விற்கிறவன் விலை கூடினதைத் தள்ளுவான். இவள் விலை குறைந்ததைத் தள்ளுகிறாள். தன் சாமானின் குறையைத் தானே சொல்லுகிறாள். அவருடைய காலத்தில் இப்படி ஒரு அநியாயம் நடந்ததில்லை.

"உவள் எதையோ மறைக்கிறாள். வா பிள்ளை போவம்."

"அண்ணை..."

"பேசாமல் வா."

முதுகைக் காட்டிக்கொண்டு படியேறினார். கார்க் கதவைத் தொட்டார். ஒருவரும் ஓடிவரவில்லை. உள்ளே ஏறி இருந்தார்கள். வேரோனிக்கா ஹீற்றரைப் போட்டாள்.

"இப்ப வருவாள் பார்."

கண்ணாடியில் படிந்த ஆவியைப் பஸ்ரியன் கையால் துடைத்துத் துடைத்து வாசலைப் பார்த்தார். கடைசியில் கதவு திறந்தது. "சொன்னனான் எல்லோ!" ஷெரில் ஒரு வாளியோடு வெளியே வந்து படிகளில் பனி உருக உப்புத் தூவினாள். காரைக் கண்டதும் சிரித்துக்கொண்டு கையை ஆட்டினாள். திரும்ப உள்ளே போய்விட்டாள்.

"கையைக் காட்டிக் கூப்பிடுறாள்."

"போயிற்று வாங்கோ எண்டு காட்டுறா, அண்ணை. வெளிக்கிடேக்க என்னட்டையும் சொன்னவ, யோசிச்சு வாங்கிறதுதான் நல்லதாம்."

வேரோனிக்கா தொலைபேசியை எடுத்துச் செம்மஞ்சள் குட்டியின் படத்தை அழித்தாள். "எனக்கு அந்தச் சருகு நிறத்தையே பிடிச்சுப்போச்சு. கையில வைச்ச உடன கிடந்தது," என்றாள். பிறகு, "பரவாயில்லை அண்ணை. உங்கட நேரத்தை ஒதுக்கி வந்ததுக்கு நன்றி," என்றாள். கொம்பனியில் கத்துகிறவர்களைச் சமாதானப்படுத்துகிற குரல் அது. அவளுடைய கை கியரில் இருந்தது, ஆனால் இழுக்கவில்லை.

பஸ்ரியன் இருந்த இடத்தில் நெளிந்தார். காரின் முன்பலகையை விரலால் தட்டினார். ஜூலியன் சொன்னது நினைவு வந்தது. வழமைபோலச் சொன்னால் காணும். வழமைபோல அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். றெஜினாவின் ஒன்பதாம் மாடியும் ஏனோ நினைவு வந்தது.

"பிள்ளை," என்றார் திடீரென்று, பைகளைத் தடவிக்கொண்டு. "என்ர ரோச்சை உள்ளுக்கு விட்டிட்டு வந்திட்டன்."

ரோச் அவருடைய சட்டைப் பையில், பொத்தானுக்குப் பக்கத்தில் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. வேரோனிக்கா அதைப் பார்த்தாள். பிறகு மறுபக்க ஜன்னலைப் பார்த்தாள். "ஓம் அண்ணை. போய் எடுத்துக்கொண்டு வாங்கோ. நான் நிக்கிறன்."

உப்புத் தூவிய படியில் அவர் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார். விட்டுவிட்டு வந்த இடத்துக்குத் திரும்பிப் போகிற நடை அவருக்குப் பழக்கமில்லை. ஷெரில் ஆச்சரியப்படவில்லை. அவர் தொண்டையைச் செருமினார். எந்த விற்கிறவனிடமும் கேட்டிராத கேள்வியைக் கேட்டார்.

"இஃப் யுவர் சிஸ்ரர் கம், யூ கிவ் விச் வன்?"

ஷெரில் யோசிக்கவே இல்லை. வாழைச்சருகின் லாச்சியை இழுத்தாள். அவர் பின்னால் அடி வைக்கும் முன் குட்டியைத் தூக்கி அவருடைய கையில் வைத்துவிட்டாள். அது மணிக்கட்டைச் சுற்றி, டொக்டரிடம் பிரசர் பார்க்கும் பட்டி மாதிரி ஒருதரம் இறுக்கி, பிறகு தளர்ந்து, அங்கேயே கிடந்தது. பஸ்ரியன் வாயைத் திறந்தபடி நின்றார். அறையில் ஒரு சத்தமும் இல்லை. இரண்டு காதிலும் இல்லை.

அவர் எவ்வளவு நேரமாகியும் வராததால் வேரோனிக்கா இறங்கிப் போனபோது, ஷெரில் குட்டியைப் போடத் தலையணை உறை ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். பஸ்ரியன் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "காசைக் குடு பிள்ளை. பேரம் பேசாதை."

வெளியே குளிர் கடித்தது. பாம்புக்குக் குளிர் ஆகாது என்று ஷெரில் சொல்லியிருந்தாள். பஸ்ரியன் தலையணை உறையைத் தன் ஜக்கற்றுக்குள் வைத்துச் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, காரில் முன்னுக்கு நேராக நிமிர்ந்து இருந்தார். சீற் பெல்ற் அழுத்தாமல் அதை ஒரு கையால் வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

விற்பி நகரைத் தாண்டும்போது அவருடைய தொலைபேசி அடித்தது. ஜூலியன். வேரோனிக்கா தெருவையே பார்த்துக்கொண்டு காரை ஓடினாள்.

"அண்ணை! என்ன மாதிரி? வேண்டாம் எண்டிட்டீங்கள்தானே?" ஜூலியனின் குரல் கார் முழுக்க நிறைந்தது.

"மெதுவாக் கதை தம்பி," என்றார் பஸ்ரியன். அவருடைய குரல் இவ்வளவு தணிந்து வரும் என்று வேரோனிக்காவுக்குத் தெரியாது. "ஆள் படுத்திட்டார்."

"ஆர் படுத்தது? அண்ணை? ஹலோ?"

பஸ்ரியன் தொலைபேசியை நிறுத்தி மடியில் வைத்தார். ஜக்கற் நெஞ்சடியில் சின்னதாக மேடு தட்டியிருந்தது. பழக்கதோசத்தில் அவருடைய நடுவிரல் மடங்கி அதற்குமேல் போய் நின்றது. பிறகு விரல் நிமிர்ந்தது. கையை விரித்து அந்த மேட்டின்மேல் வைத்தார்.