அவளின்ரை பழைய குரல்

இப்ப அவளின்ரை இசையைப் பற்றி எழுதிற ஆக்கள் 'பரிசோதனை முயற்சி' எண்டு பெரிசாச் சொல்லுகினம். சொல்லட்டும். அது எங்கை தொடங்கினது, அதைக் கெடுக்கப் பாத்தது ஆர் எண்டு எனக்குத்தான் தெரியும்.

முதலிலை நாங்கள் ஒரு ரொக் பாண்ட். யாழ்ப்பாணத்திலை ரொக் எண்டாலே சனம் ஒரு மாதிரித்தான் பாக்கும். எங்கடையிலை விசர் இன்னும் கொஞ்சம் கூட: ஒரு பாட்டு பதினெட்டு நிமிசம், தாளம் ஏழிலை போய்ப் பதினொண்டிலை திரும்பும். பாட்டு தொடங்கேக்கை தேத்தண்ணி குடிக்கப் போனவன் ஆறுதலாத் திரும்பி வந்தாலும் நாங்கள் முடிச்சிருக்க மாட்டம். நான் ட்ரம்ஸ். பண்டத்தரிப்பிலை எங்கடை வெங்காயக் கொட்டிலுக்கைதான் பயிற்சி. மேலை கட்டித் தொங்கிற வெங்காயப் பிடியள் நான் அடிக்க அடிக்கத் தோலைக் கொட்டும். தலை முழுக்கத் தோலோடை நிண்டு அவள் பாடுவாள்.

மானிப்பாயிலை இருந்து சைக்கிளிலை வாறவள். என்னைவிட ஆறு வயசு குறைவு, 'அண்ணை' எண்டுதான் கூப்பிடுவாள். பதினைஞ்சாவது நிமிசத்திலை ஒரு இடம் வரும். நாங்கள் எல்லாரும் நிப்பாட்ட, அவள் தனிய மேலை போவாள். போய்க்கொண்டே இருப்பாள். நான் எத்தினை தரம் கேட்டிருப்பன், எல்லாத் தரமும் குச்சியைப் பிடிச்சபடி வாயைத் திறந்துகொண்டு இருந்தனான். திரும்பச் சேரவேண்டிய அடியை ரெண்டுதரம் கோட்டையும் விட்டிருக்கிறன்.

பேந்து அவளுக்குக் கழுத்திலை கட்டி எண்டு ஒப்பரேசன். குரல் மாறலாம் எண்டு டொக்டர் முதலே சொல்லித்தான் செய்தவர். மாறிச்சுது. கதைக்கலாம், கீழை கொஞ்சம் பாடலாம். மேலை போனால் உடைஞ்சு காத்துத்தான் வரும். மூண்டு மாசத்தாலை கொட்டிலுக்கு வந்து, "அண்ணை, நான் பாண்டிலை இருந்து விலகிறன். தனியச் செய்யப்போறன்" எண்டாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "குரல் இருக்கேக்கை எங்களோடை, இல்லாத நேரம் தனியவோ?" எண்டு கேட்டுப்போட்டன். இப்ப நினைச்சாலும் நாக்கைப் பிடுங்கவேணும் போலை கிடக்கு. அவள் கோவிக்கேல்லை. "சத்தம் பதிய ஒரு ஆள் வேணும், வாறியளோ?" எண்டு மட்டும் கேட்டாள். மூஞ்சியை நீட்டிக்கொண்டெண்டாலும் அவளோடை போனன்.

சத்தம் பதியப் போனது கீரிமலைக்கு. அங்கை பெம்பிளையள் குளிக்கிற கேணி மதிலுக்குள்ளை. நான் வெளியிலை ஒரு கல்லிலை ரெக்கோடரோடை குந்தியிருப்பன், மைக்கின்ரை வயர் மதிலுக்கு மேலாலை உள்ளுக்குப் போகும். அவள் நாடிவரை தண்ணியிலை நிண்டு ஒரே ஒரு சுரத்தை முனகுவாள். குளிக்க வந்த பெம்பிளையளிட்டைக் கேட்டுத்தான் எல்லாம் செய்தவள். முதல்நாள் அவை "பிள்ளைக்குச் சுகமில்லையோ?" எண்டு விசாரிச்சவை. நாலாம் நாள் தாங்களும் கூடச் சேந்து முனகினவை. ஹெட்ஃபோனுக்கை அதைக் கேக்க எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுது. ஆனாலும் சனத்தை ஒரு மணித்தியாலம் இருத்தி வைக்க உது காணுமோ எண்ட பயம் போகேல்லை.

முதல் கச்சேரி மானிப்பாயிலை ஒரு சின்ன மண்டபத்திலை, பின்னேரம் நாலு மணிக்கு. கதிரை எல்லாம் நிரம்பீட்டுது. பாதிப்பேர் எங்கடை பாண்டைக் கேட்டுத் திரிஞ்ச பழைய ஆக்கள். எதைக் கேக்க வந்தவை எண்டு எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இண்டைக்குச் சறுக்கினால், 'பாவம், அவளின்ரை பாட்டு முடிஞ்சுது' எண்டு வீட்டை போற வழியிலையே முடிவுகட்டிப் போடுவினம். சண்டைக் காலத்திலை கரண்ட் இல்லாமல் வளந்த ஆக்கள் நாங்கள். எதுக்கும் பக்கத்திலை ஒரு ஜெனரேற்றர் நிக்கவேணும், இல்லாட்டி எங்களுக்கு நித்திரை வராது. அதாலை அவளுக்குச் சொல்லாமல், பழைய பதிவிலை இருந்து அந்தப் பதினைஞ்சாவது நிமிசத்தை வெட்டி லப்டொப்பிலை ஏத்தி வைச்சிருந்தனான்.

அரை மணித்தியாலம் கேணித் தண்ணிச் சத்தம், அதுக்கு மேலை அவளின்ரை கீழ்க்குரல், அந்தப் பெம்பிளையளின்ரை முனகல். சனம் கதிரையிலை நெளியத் தொடங்கீட்டுது. அப்பதான் அவள் மேலை போகப் பாத்தாள். உடைஞ்சுது. முன்வரிசையிலை ஒராள் குனிஞ்சு ஃபோனைப் பாத்தார். எனக்குப் பொறுக்கேலாமல் போச்சு. பொத்தானை அமத்தினன்.

பழைய குரல் மண்டபம் முழுக்க நிறைஞ்சுது. சனம் எழும்பிக் கை தட்டிச்சுது. அவள் திரும்பி என்னைப் பாத்தாள். அந்தப் பார்வையிலை கோவம் இருந்திருந்தால் நான் தப்பியிருப்பன். தெரிஞ்ச ஆள் ஆரோ ரோட்டாலை கதைச்சுக்கொண்டு போறமாதிரி, காது குடுத்துக்கொண்டு நிண்டாள்.

பேந்து மைக்குக்குக் கிட்டப் போனாள். அந்தக் குரல் மேலை போகப் போக, இவள் கீழை போனாள். அது முடிஞ்சு நிண்டுட்டுது. இவள் நிக்கேல்லை. திரும்ப மெல்ல மெல்ல ஏறி, உடையிற இடத்துக்கு வந்தாள். இந்தமுறை விலகேல்லை, அதிலையே நிண்டாள். காத்து, கரகரப்பு, மூச்சு இழுக்கிற சத்தம், ஒண்டையும் மறைக்கேல்லை. எவ்வளவு நேரமெண்டு தெரியாது. தாளம் எண்ணியே பிழைச்ச நான் எண்ண மறந்துபோனன். ஃபோனைப் பாத்தவர் அதை மடியிலை கவிட்டு வைச்சிட்டார். உடைஞ்ச குரலை வைச்சுக்கொண்டு ஒரு மனிசி இவ்வளவு பெரிசாப் பாடலாமெண்டு ஆர் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டன்.

எல்லாரும் போனபிறகு நான் தலையைக் குனிஞ்சுகொண்டு வயர் சுத்தினன். அவள் வந்து பக்கத்து வாங்கிலை இருந்தாள்.

"உவள் நல்லாத்தான் பாடினவள், என்னண்ணை?" எண்டாள், லப்டொப்பைக் காட்டி.

"ஓம்" எண்டன். பொய் சொல்லி என்ன.

"இவ்வளவு நாளும் உவளைக் கேக்கத்தான் என்னோடை வந்தனீங்களோ?"

சுத்தி முடிச்ச வயரைக் குலைச்சுத் திரும்பவும் சுத்தத் தொடங்கினன். அவள் எழும்பினாள்.

"அடுத்த மாசம் பண்டத்தரிப்பிலை பாடுறன். வாங்கோ. ஆனால் வெறுங்கையோடை வாங்கோ."

போனன். லப்டொப்பை வீட்டிலை வைச்சிட்டுப் போனன். அவள் மேலை போனாள், அதே இடத்திலை உடைஞ்சுது. பொத்தானைத் தேடின ரெண்டு கையையும் மடியிலை வைச்சுக்கொண்டு கேட்டன். அவள் பாடிக்கொண்டே இருந்தாள்.