அடுப்புக்கு மேலே தொங்கிய உப்பு

எதை விழுங்குவதற்கு முன்னாலும் வாகிரா சால்வை முனையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொள்வாள். தேநீரோ மக்காச்சோளச் சோறோ, முதலில் சால்வை, பிறகுதான் வாய். மகள் துமினா இதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்துவந்தாள். குளிருக்காக என்று நினைத்திருந்தாள். சும்பிங் மலைச்சரிவில் குளிருக்கு என்ன குறைச்சல்?

விழுங்கும்போது அம்மாவின் கழுத்துக் கட்டி மேலேறி இறங்கும். அதை மறைக்கத்தான் சால்வை. நகரத்துக்கு ஊட்டச்சத்துப் படிக்கப் போன பிறகுதான் துமினாவுக்கு இது உறைத்தது. வீட்டிலிருந்து படிக்கப் போன முதல் ஆள் அவள். தைராய்டு பற்றிய பாடத்தில் சோர்வு, தூக்கம், குளிர் தாங்காமை, கரகரத்த குரல் என்று எழுதிக்கொண்டே போனவளின் பேனா நின்றது. புகையிலைக் காட்டில் அம்மாவுக்குத் 'தூங்குமூஞ்சி' என்று பெயர். வெயிலிலும் இரண்டு ஸ்வெட்டர் போடுவாள். அப்படியானால் அது சோம்பேறித்தனமே இல்லையோ?

துமினா தனக்குப் புரிகிற மாதிரி அதை யோசித்துப் பார்த்தாள். தொண்டைச் சுரப்பி இரத்தத்தில் விடும் துளிதான் உடம்பு எந்த வேகத்தில் ஓடவேண்டும் என்று தீர்மானிக்கிறது. அந்தத் துளிக்கு அயோடின் வேண்டும். மழையோ அதை மலையிலிருந்து கழுவிக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இன்னொரு சுரப்பி, மேஸ்திரி மாதிரி. புகையிலைக் கொட்டகைக்கு இலையே வராத நாளிலும் "நறுக்கு, நறுக்கு" என்று கத்துகிற மேஸ்திரி. அவன் கத்தக் கத்தக் கொட்டகை பெரிதாகிக்கொண்டே போகும். சரக்கு மட்டும் வராது. அதுதான் அம்மாவின் கழுத்து.

விடுமுறைக்கு அவள் வந்தபோது அண்ணி சுரிப்புக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில். வாந்தி இன்னும் நிற்கவில்லை. மூத்தவள் லாஸ்மிக்குக் காது கேட்காது, பேச்சும் வரவில்லை. கர்ப்பத்தில் சந்தையில் ஓர் ஊமையைப் பார்த்தும், அது பிள்ளைக்கு ஒட்டாதிருக்க வயிற்றைத் தடவி "அமித் அமித்" என்று சொல்லாமல் வந்துவிட்டாள், அதன் பலன்தான் இது என்று மருமகளைப் பற்றித் தெரு முழுக்கச் சொன்னவள் வாகிரா. சுரிப் ஒரு நாளும் பதில் பேசியதில்லை. இந்தப் பிள்ளையாவது நல்லபடி பிறக்குமா என்பதே வீட்டில் எல்லோருக்கும் கவலை.

"உப்ப எங்க வச்சிருக்க, மாக்?" என்று அம்மாவைக் கேட்டாள் துமினா.

"எங்க வப்பாங்க? அடுப்புக்கு மேல, கூடையில. கீழ வச்சா தண்ணியா ஓடிரும். இதக்கூடவா காலேஜுல சொல்லித் தரல?"

துமினா மரவள்ளிக்கிழங்கைத் துருவிப் பிழிந்தாள். கிண்ணங்களில் உப்பைப் போட்டு, அந்தப் பாலையும் கொஞ்சம் காடியையும் ஊற்றினாள். அன்று கடையில் வாங்கிய உப்பு மை கொட்டினாற்போல நீலமானது. கூடை உப்பு வெள்ளையாகவே கிடந்தது.

"இது ஏன் மாறல?" என்றாள் சுரிப்.

"அயோடின் இருந்தாத்தான் நீலமாகும், அண்ணி. இதுலயும் முன்ன இருந்துச்சு. மாசக்கணக்கா ஈரத்துலயும் சூட்டுலயும் கெடந்து போயிருச்சு."

வாகிரா கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். "அப்ப லாஸ்மி வயித்துல இருந்தப்பவும்..."

"இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல என்னால முடியாது, மாக். ஆனா வயித்துப் பிள்ளைக்கு மொதல்ல அம்மாவோட சுரப்பிதான் ஒழைக்கணும். அதுக்கே தீனி இல்லன்னா?"

வாகிரா கூடையை அறுத்து எடுத்துப் போய் உப்பை ஆட்டுத் தொட்டியில் கொட்டினாள். அன்றிலிருந்து உப்பு மூடிபோட்ட ஜாடிக்கு மாறியது. சட்டியை இறக்கிய பிறகே போட்டார்கள். மாமியாரும் மருமகளும் சுகாதார நிலையத்துக்கு ஒன்றாகப் போய் மருந்து வாங்கிவந்தார்கள்.

பையன் பிறந்தான். வாகிரா அவன் தலைமாட்டில் நின்று சட்டி மூடியைத் தட்டினாள். பிள்ளை திடுக்கிட்டு வீரிட்டது.

"மாக்! இப்பத்தான் தூங்க வச்சேன்!" என்றாள் சுரிப்.

"கேக்குதுடி! இவனுக்குக் கேக்குதுடி!" ஆனந்தத்தில் மறுபடியும் தட்டினாள்.

மாத்திரையில் வாகிராவின் கட்டி கரையவில்லை. ஆனால் ஸ்வெட்டர் ஒன்றாகக் குறைந்தது. தூங்குமூஞ்சி காட்டில் மற்றவர்களை அதட்டத் தொடங்கினாள்.

நோன்புப் பெருநாளன்று இளையவர்கள் பெரியவர்களின் முழங்காலில் நெற்றி பதித்து மன்னிப்புக் கேட்பது அங்கே வழக்கம். பெரியவர் இளையவரிடம் கேட்கும் வழக்கம் இல்லை.

"தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச தப்ப மன்னிச்சிருங்க, மாக்," என்று சுரிப் குனிந்தாள். வாகிராவின் கை மருமகள் தலையிலேயே இருந்தது.

"நான்தான் உன்கிட்ட..." என்று ஆரம்பித்தாள். அறை நிறைய ஆட்கள். "போ, பிள்ளைக்குச் சட்டையப் போடு. குளுருது."

அடுத்தடுத்த பெருநாள்களிலும் அந்தப் பேச்சு அதே இடத்தில் நின்றது.

ஒரு மழைக்காலத்தில் வாகிரா இறந்தாள். உடலைத் தூக்குமுன் முற்றத்தில் பள்ளிவாசல் பெரியவர் வழக்கம்போல் கேட்டார்: "இவங்க செஞ்ச தப்ப மன்னிச்சிருங்க. யாருக்காவது பாக்கி வச்சிருந்தா குடும்பத்துக்கிட்ட வந்து சொல்லுங்க."

"மன்னிச்சோம்," என்றது கூட்டம்.

துமினா திரும்பிப் பார்த்தாள். சுரிப் அழுதுகொண்டிருந்தாள், பொய்யழுகை இல்லை. ஆனால் உதடு அசையவில்லை. குடும்பத்தின் சார்பில் தான் போய் மன்னிப்புக் கேட்டால் அந்தப் பாக்கி தீருமா? துமினாவுக்குத் தெரியவில்லை. பாடையைத் தூக்கினார்கள். சுரிப் லாஸ்மியின் கையை இறுகப் பிடித்தபடி வழிவிட்டு நின்றாள்.