அத்தை கட்டச் சொன்ன காப்பு

பர்மாவில், போட்டாதாங் பகுதியில், எங்கள் மாரியம்மன் கோயில் தீமிதிக்குக் கூட்டம் சேர்வதே சுரேந்திரனைப் பார்க்கத்தான். மற்றவர்கள் குழியில் இறங்கினால் சூடு பொறுக்காமல் அந்தப் பக்கம் ஓடிவிடுவார்கள். அவன் ஓடமாட்டான். சந்தையில் கத்தரிக்காய் விலை விசாரித்துக்கொண்டு போகிறவன் மாதிரி நிதானமாக நடப்பான். தன்லியினிலிருந்து பஸ் ஏறி வருகிற பெண்கள் அவன் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். "மனசு சுத்தமா இருந்தாத்தான் கால் சுடாது" என்பாள் என் மனைவி. நானும் பெரிய மனிதன் மாதிரித் தலையாட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்தே வருகின்றன.

ஸ்ட்ராண்ட் ரோட்டில் படகுத்துறைக்கு எதிரே ஒரு சரக்குக் கிடங்கின் சாவி அவனிடம் இருந்தது. தீ மிதிக்கிறவன் திருடமாட்டான் என்று முதலாளி நம்பினார். ஊரும் அப்படித்தான் நம்பியது. உண்மை என்னவென்றால், அவன் தீ மிதிக்க ஆரம்பித்ததே திருடியதால்தான்.

அப்போது அவன் மீசை அரும்பிய பையன். துறைமுகத்தில் கூலி வேலை. கூட இருந்த இரண்டு பேர் சொன்னார்கள் என்று ஒரு கிடங்கிலிருந்து எண்ணெய் டின்களைக் கடத்தப் போனான். மற்ற இருவரும் கால் நீளமானவர்கள், தப்பித்துவிட்டார்கள். இவன் மாட்டிக்கொண்டான். அவன் அப்பா இன்சீன் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். தெருவில் கிடந்த போல்ட்டைக்கூடப் பட்டறையில் கொண்டுபோய்க் கொடுக்கிற ரகம். மகன் திருடன் என்று தெரிந்தால் வாசற்படி மிதிக்க விடமாட்டார்.

போலீஸ்காரர் பதிவு அட்டையைக் கேட்டார். இவனுடைய அட்டை வீட்டில் இருந்தது. சட்டைப் பையில் இருந்தது இன்னொருவனுடைய அட்டையின் ஜெராக்ஸ்.

எங்கள் ஆட்கள் பலருக்கு இரண்டு பெயர். வீட்டிலும் கோயிலிலும் தமிழ்ப் பெயர், பதிவு அட்டையில் பர்மியப் பெயர். அந்த ஜெராக்ஸில் இருந்த பெயர் மியோ அவுங். வீட்டில் அவன் பிரேம்நாத். சுரேந்திரனின் சொந்த அத்தை மகன், ஒரே வயது. "துறையில எனக்கும் ஒரு வேலை சொல்லு மச்சான்" என்று முதல்நாள்தான் அதைக் கொடுத்திருந்தான். ஜெராக்ஸில் எங்கள் முகமெல்லாம் எப்போதும் ஒரே கருப்புதான், மூக்குகூடத் தெரியாது. சுரேந்திரன் அதை எடுத்து நீட்டினான். பெயரும் அட்டை எண்ணும் போலீஸ் பதிவில் ஏறின. கோர்ட்டில் ஒரு மாதம் போட்டார்கள். அடைத்தது இன்சீன் சிறையில். அப்பாவின் பட்டறைச் சங்கு காதில் விழுகிற தூரத்தில் படுத்துக் கிடந்துவிட்டு, மெலிந்து போய் வீட்டுக்கு வந்தான். படகு வேலைக்குப் பத்தெய்ன் பக்கம் போயிருந்ததாகச் சொன்னான். அப்பா நம்பினார்.

வெளியே வந்த வருஷமே தீக்குழியில் இறங்கினான். இறங்கினால் கழிந்துவிடும் என்று நினைத்தான். கால் சுடவில்லை. அம்மன் மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டான். கால் சுடாததற்கு அவனுடைய காய்ப்பேறிய பாதங்கள்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பிரேம்நாத்துக்கு அது பல வருஷம் கழித்துத் தெரிந்தது. சிங்கப்பூர்க் கப்பல் பட்டறை ஒன்றில் வேலை கூடி வந்தது. போலீஸ் நற்சான்று கேட்டார்கள். போனால், "திருட்டு, ஒரு மாதச் சிறை" என்று வந்தது. அவன் தலையில் அடித்துக்கொண்டு சத்தியம் செய்தான். "ஊர்ல ஆயிரம் மியோ அவுங், யாரோ செஞ்சது" என்றான். அட்டை எண் ஒன்றாக இருக்கிறதே என்றார்கள். சிங்கப்பூர் போயிற்று. வாடகை வேனில் மூட்டை ஏற்றி இறக்குகிற அன்றாடக் கூலி ஆனான்.

அதோடு போகவில்லை, விஷயம் ஊரெல்லாம் பரவியது. அவன் மனைவி ராதா பீரோ சாவியை இடுப்பில் முடிந்துகொள்ள ஆரம்பித்தாள். ஒரு கல்யாண வீட்டில் பித்தளைக் குடம் காணாமல் போனபோது பந்தியில் இருந்த எல்லாரும் திரும்பிப் பிரேம்நாத்தைப் பார்த்தோம். நானும்தான் பார்த்தேன். குடம் சாயங்காலம் சமையல்கட்டில் கிடைத்தது. யாரும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுரேந்திரனும் அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்தான். பாயசத்தை மட்டும் தள்ளி வைத்தான்.

அந்த வருஷம்தான் பவுனம்மாள் வந்தாள். பிரேம்நாத்தின் அம்மா, சுரேந்திரனுக்கு அத்தை. எங்கள் கோயிலில் காப்புக் கட்டும்போது ஒரு வழக்கம் உண்டு. பூசாரி மஞ்சள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, "யார் பேருக்கு? என்ன வேண்டுதல்?" என்று கேட்பார். கட்டிக்கொள்கிறவர் மைக்கில் சொல்ல வேண்டும். தெருவெல்லாம் கேட்கும். நோய், பரீட்சை, குழந்தை வரம் என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள்.

பவுனம்மாள் மருமகன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, உனக்கு அம்மன் செவி சாய்க்கிறா. என் மகன் பேருக்குக் கட்டிக்க. அவன் செஞ்சத நீ மிதிச்சுக் கழிச்சிரு. அவன் ஒத்துக்க மாட்டேங்கிறான், அதான் எனக்குப் பயமா இருக்கு."

அப்போதாவது அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பூசாரி கேட்டார். சுரேந்திரன் மைக்கில் சொன்னான்: "பிரேம்நாத் பேருக்கு. அவன் செஞ்ச திருட்டுக்கு." பவுனம்மாள் மேடைக்குக் கீழே நின்று கைகூப்பினாள்.

அந்த வருஷம் முதல்முறையாக அவன் பாதம் கொப்பளித்தது. அடுத்தவன் பாவத்தைச் சுமந்தானே, சுடாமல் என்ன செய்யும் என்று ஊர் அவனை இன்னும் உயரத்தில் வைத்தது. ராத்திரியில் சோறு இறங்கவில்லை, அத்தை முகம் கண்ணை விட்டுப் போகவில்லை என்று பின்னால் என்னிடம் சொன்னான். இறங்காத சோற்றோடு இன்னும் எத்தனையோ வருஷம் ஓட்டிவிட்டான். பவுனம்மாள் மகனைத் திருடன் என்று நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாள்.

போன வருஷம் தன்லியினில் ஒரு தொழிற்சாலையில் பிரேம்நாத்துக்கு ஸ்டோர் வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. மாதச் சம்பளம். மறுபடியும் போலீஸ் நற்சான்று. இந்தத் தடவை விடக்கூடாது என்று அவன் அஞ்சலி என்ற வக்கீலிடம் போனான். கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பத்துப் பெண். தமிழைவிடப் பர்மியம்தான் வேகமாக வரும், ஆனாலும் எங்கள் ஆட்களிடம் தமிழில்தான் பேசப் பார்ப்பாள். பிரேம்நாத்தின் நன்னடத்தைக்குச் சாட்சி சொல்ல ஊரில் பெயருள்ள ஆள் வேண்டும் என்றாள். சுரேந்திரனைவிடப் பெயருள்ளவன் யார்? பிரேம்நாத் அவனையே கூட்டிக்கொண்டு போனான்.

"இவரைச் சின்ன வயசுலேர்ந்து தெரியும், நாணயமானவர். அவ்வளவுதான் எழுதியிருக்கேன். சைன் பண்ணுங்க" என்றாள் அஞ்சலி.

சுரேந்திரன் கையெழுத்துப் போட்டான்.

"சயாமா, இது போதுமா? பேர் போயிருமா?" என்று கேட்டான் பிரேம்நாத். டீச்சரையும் வக்கீலையும் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"உண்மையச் சொல்லணும்னா போதாது. தண்டனைப் பதிவை நமக்கு வேணாம்னு அழிக்க முடியாது அண்ணே. தப்பான ஆள் மேல ஏறிப்போச்சுன்னு காட்டினா, திருத்தச் சொல்லிக் கேக்கலாம். கைரேகைத் தாள் இருந்தா ஒரு நிமிஷ வேலை. தேடிப் பாத்தாச்சு, கிடைக்கல. இனி அந்தத் திருடனே வந்து நான்தான்னு சொன்னாத்தான் உண்டு." அவள் சிரித்தாள். "எந்தப் பைத்தியக்காரன் வருவான்?"

பிரேம்நாத்தும் சிரித்தான். கேட்டுக் கேட்டுப் பழகிப் போன சிரிப்பு. எல்லாருக்கும் லபெயே வாங்கி வருகிறேன் என்று கீழே இறங்கிப் போனான். எங்கள் ஊர் பால் டீ, பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கொடுப்பார்கள்.

அவன் செருப்புச் சத்தம் படியில் குறைந்ததும் சுரேந்திரன் கேட்டான். "அந்த ஆள் வந்தா அவனுக்கு என்ன ஆகும் சயாமா?"

அஞ்சலி பேனாவைக் கீழே வைத்தாள். "திருட்டுக்கு ஏற்கெனவே உள்ள இருந்துட்டான். ஆனா அடுத்தவன் பேரைக் கொடுத்தது தனிக் கேஸ். அபராதமோ, ஜெயிலோ, கோர்ட்டு பாத்து முடிவு பண்ணும். பதிவு அவன் பேருக்கு மாறும்." அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஏண்ணே கேக்குறீங்க?"

"நாணயமானவன்னு அவனுக்குச் சாட்சி போட்டேன். இப்ப எனக்கும் நானே சாட்சி போட்டுக்கணும். எழுதிக்கங்க. நான்தான்."

எண்ணெய் டின், சட்டைப் பை, ஜெராக்ஸ், எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்துத் திரும்பினால் வாசலில் பிரேம்நாத் நிற்கிறான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியாது. டீப் பைகளை மேசையில் வைத்தான். "ஆறிடும், குடிங்க சயாமா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சுரேந்திரனை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவன் ஒரு அறை விட்டிருந்தால் தேவலையே என்று இருந்ததாம் இவனுக்கு.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடித்தான். கோர்ட்டு அபராதம் போட்டது, பதிவு அவன் பெயருக்கு மாறியது. கோர்ட்டுத் தாளைப் பார்த்த கிடங்கு முதலாளி சாவிக்குக் கை நீட்டினார். பிரேம்நாத்துக்குச் சுத்தமான நற்சான்று வந்தது. தன்லியின் பஸ்ஸில் வேலைக்குப் போக ஆரம்பித்தான்.

ஆனால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. கெட்டிக்கார வக்கீல், எப்படியோ பெயரை எடுத்துக் கொடுத்துவிட்டாள் என்று பேசிக்கொண்டோம். எப்படியோ என்பதில் ஒரு கண்சிமிட்டல் வேறு. இடுப்பு வலி, அதனால் வேலையை விட்டேன் என்று சுரேந்திரன் சொன்னான். அதையும் நம்பினோம். எதை நம்ப வேண்டுமோ அதைத் தவிர எல்லாவற்றையும் நம்புகிற கூட்டம் நாங்கள்.

தீமிதி வந்தது. இந்த வருஷம் காப்புக் கட்டவில்லை என்று சுரேந்திரன் சொல்லியனுப்பிவிட்டான். காப்பு நாளன்று கூட்டத்தின் கடைசியில், செருப்புகள் கிடக்கும் இடத்தில், வெறுங்கையோடு நின்றான். வழக்கமாகப் பிரேம்நாத் நிற்கிற இடம் அது.

பிரேம்நாத் ராதாவோடு வந்தான். நேரே அவனிடம் போனான். வக்கீல் ஆபீசுக்குப் பிறகு இருவரும் பேசுவது அதுதான் முதல்முறை. நான் பக்கத்தில் நின்றேன்.

"ஏன் கட்டிக்கல?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கட்டிக்கிறது மச்சான்? மன்னிச்சிரு."

"போலீஸ்ல அழிச்சிட்டாங்க. இந்தா பேப்பர். இத நான் எத்தனை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுறது? எங்கம்மாவுக்கு எங்க கொண்டுபோய்க் காட்டுறது? அவங்க இங்க நின்னு கும்பிட்டாங்கடா. நீ மைக்குல என் பேரச் சொன்ன. போ. போய்க் கட்டிக்க. மைக்குலயே சொல்லு."

சுரேந்திரன் வரிசையில் போய் நின்றான். அவனைக் கண்டதும் கூட்டம் வழிவிட்டது, பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரி சிரித்துக்கொண்டே மஞ்சள் கயிற்றை எடுத்தார்.

"யார் பேருக்கு? என்ன வேண்டுதல்?"

மைக்கில் முதலில் அவன் மூச்சுத்தான் கேட்டது.

"சுரேந்திரன் பேருக்கு. நான் செஞ்ச திருட்டுக்கு. பிரேம்நாத் செய்யல. போலீஸ்ல அவன் பேரக் கொடுத்தது நான். எங்க அத்தைகிட்டச் சொல்லாம விட்டதும் நான்."

குலவை நின்றது. பூசாரியின் கை கயிற்றோடு அப்படியே நின்றது. பவுனம்மாள் அன்றைக்குக் கைகூப்பிய இடத்தில் ராதா நின்றிருந்தாள். அவள் கை இடுப்பு முடிச்சுக்குப் போனது. சாவியை அவிழ்த்துப் புருஷன் கையில் கொடுக்கப் பார்த்தாள்.

பிரேம்நாத் அதை வாங்கவில்லை. திரும்பி எங்களைப் பார்த்தான். பந்தியில் நாங்கள் அவனைப் பார்த்த மாதிரியே, ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தான். என் முறை வந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.