அத்தையின் கறுப்புத் திரை

அலுவலகத்தில் அவளை எல்லோரும் ‘அத்தை’ என்பார்கள். உறவு ஒன்றும் கிடையாது. வயது வித்தியாசம் பார்க்காமல் திட்டுவாள் என்பதால் வந்த பட்டம். எந்தத் தெருவுக்கு எத்தனை தண்ணீர் லாரி போக வேண்டும் என்று தினமும் காலையில் பட்டியல் போடும் நிரல் அவள் பொறுப்பில் இருந்தது. அதைக் கிளவுடில், அதாவது நிரல் ஓடும் தொலைதூரக் கணினியில், ஏற்றத் திரையில் அழகழகான பொத்தான்கள் உண்டு. அத்தைக்கு அவை ஆகாது. கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி தட்டுவாள், வேலை முடிந்தது. மவுஸைத் தொடுகிறவர்களை அவள் ஆளாகவே மதிப்பதில்லை.

“பொத்தானை அமுக்கறதுக்கு எதுக்குய்யா இஞ்சினியரு?” என்பாள்.

கிளவுடில் அவர்களுக்கு இரண்டு இடங்கள்: ஒன்று சோதனைக்கு, இன்னொன்று நிஜ வேலைக்கு. சோதனை இடத்தில் ஏற்றியது தானாக ஓடாது, சும்மா கிடக்கும். எந்த இடம் என்பதைக் கட்டளையின் கடைசிச் சொல்தான் தீர்மானிக்கும். அத்தைக்கோ முழு வரியையும் தட்டச் சோம்பல். மேல் அம்புக்குறியை அமுக்கினால் முந்தைய கட்டளை வந்து நிற்கும், பார்க்காமலே என்டர்.

திங்கட்கிழமை ஒரு திருத்தத்தை ஏற்றவும் அப்படித்தான் தட்டினாள். புதுக் குடியிருப்புகளைப் பட்டியலில் சேர்க்கும் அந்தத் திருத்தத்தை எழுதியவள், ஐந்து வருடம் பிள்ளைகளோடு வீட்டில் இருந்துவிட்டு இங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி. அவளை நிரந்தரமாக்குவதா, அனுப்புவதா என்று அந்த வாரம் முடிவாக வேண்டும். ‘வெற்றி’ என்று பச்சையில் வந்ததும் அத்தை டீ குடிக்கப் போய்விட்டாள்.

இரண்டு நாள் புதுக் குடியிருப்புகளுக்கு லாரியே போகவில்லை. வியாழக்கிழமை மேலாளர் கூட்டம் போட்டுப் புதியவளைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க எழுதின புரோகிராம் கோடுதானே? சரியா டெஸ்ட் பண்ணீங்களா இல்லையா?”

அத்தை தன் பழைய கட்டளைகளைக் காலையிலேயே பார்த்திருந்தாள். திங்கட்கிழமை வரியில் சோதனை இடத்தின் பெயர். பேசாமல் இருந்தால் யாரும் தோண்டப் போவதில்லை.

“கோடு நல்லாத்தான் இருக்கு. நான்தான் தப்பான இடத்துல ஏத்திட்டேன்” என்றாள்.

“அவங்களக் காப்பாத்தறதுக்காகச் சொல்லாதீங்க அத்தை.”

“நான் யாரையாவது காப்பாத்தி நீங்க பார்த்திருக்கீங்களா?” என்று சீறிவிட்டு, அந்த வரியைச் சுவரில் பெரிதாகக் காட்டினாள்.

இனி யாரும் தன் கையால் ஏற்றக் கூடாது, எதையும் இன்னொருவர் படித்து ஒப்புதல் தந்த பிறகு இயந்திரமே ஏற்றும் என்று முடிவானது. எல்லோருடைய அனுமதியையும் நீக்கத் தெரிந்தவளும் அத்தைதான். மதியம் உட்கார்ந்து தன் பெயரையும் நீக்கினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரையாவது திட்டலாம் என்றால் ஆள் கிடைக்கவில்லை.

புதியவள் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அத்தை, உங்களோடத நான் படிச்சு ஒப்புதல் குடுக்கட்டுமா?”

“குடும்மா. ஆனா ஒரு எழுத்து விடாமப் படிக்கணும். அத்தை அனுப்பினதுன்னு நம்பிடாத.”