டீச்சர் கேட்க மறந்த கேள்விகள்

தமிழில் ஐந்தாம் வகுப்பு முடித்த என்னை அப்பா நெய்யாற்றின்கரையில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் ஆறாம் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தார். சமூக அறிவியல் வாய்மொழித் தேர்வில் தேறாவிட்டால் ஐந்தாம் வகுப்புக்கே இறக்கிவிடுவோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அங்கே என் தம்பி இருந்தான். தன் பெஞ்சில் எனக்கு இடம்கூடப் பிடித்து வைத்திருந்தான், பாவி.

பாடம் உள்ளாட்சி. பத்துக் கேள்வி, பத்துப் பதில். எதற்கும் அர்த்தம் தெரியாது. ஆனாலும் பாறசாலையில் பஸ் ஏறினால் பள்ளி வாசலில் இறங்குவதற்குள் பத்துப் பதிலையும் கடகடவென்று ஒப்பித்துவிடுவேன். ஒரே சங்கடம், முதல் பதிலிலிருந்து தொடங்கினால்தான் வரும்.

டீச்சர் எடுத்த எடுப்பில் ஏழாவது கேள்வியைக் கேட்டார். நான் ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். அவர் நிறுத்தி, மறுபடி ஏழாவதைக் கேட்டார். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். மூன்றாம் முறை அழுகைதான் வந்தது.

டீச்சர் புத்தகத்தை மூடிவிட்டார். "அழாத மக்கா. உங்க வார்டு மெம்பரு உனக்க அத்தையாக்குமா?"

"ஆமா டீச்சர். அப்பாக்க தங்கச்சியாக்கும்."

"போன கிராமசபையில என்ன நடந்தது? இங்கிலீஷ் வேண்டாம், வாயில வாறதுபோல சொல்லு."

அதைச் சொல்ல எனக்கு யார் உதவி வேண்டும்? போட்ட நாற்காலிகளில் பாதி காலியாகக் கிடந்ததையும், ஆள் போதாமல் அத்தை முகம் வெளிறிப்போய், ஆள் கூட்டிவர என்னை வீடு வீடாக விரட்டியதையும் சொன்னேன். தையல்காரரை மெஷினிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்ததைச் சொன்னேன். தெருவிளக்கு கோயில் வழிக்கா, கால்வாய் வழிக்கா என்று சண்டை வந்து, கடைசியில் கை தூக்கச் சொல்லி எண்ணியபோது கால்வாய் வழி ஜெயித்தது. டீச்சர் ஒரு துண்டுக் காகிதத்தில் நாலைந்து இங்கிலீஷ் வார்த்தைகளை எழுதித் தந்தார்.

"ஆளு தெகையல்லன்னு சொன்னியே, கூட்டம் நடக்கணும்னா இத்தன ஆளு வேணும்னு ஒரு கணக்கு உண்டு, அதுதான் கோரம். இனி இந்த வார்த்தைகள வச்சு சொல்லு."

"நோ கோரம். ஐ கோ. பீப்பிள் கம். தென் வோட்" என்றேன். டீச்சர் சிரித்துக்கொண்டே போகச் சொன்னார்.

அப்பாடா! ஊர்க்கதை கேட்ட சுவாரசியத்தில் பரீட்சையையே மறந்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். நினைவு வந்து திரும்பக் கூப்பிடுவாரோ என்று ஒரு வாரம் அவர் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தேன்.

மதிப்பெண் வந்தது. பாஸ். ஆறாம் வகுப்பிலேயே இருக்கலாம் என்றதும் உயிர் வந்தது. அத்தையின் சிபாரிசு இல்லாமல் இது நடக்குமா? ஓடிப்போய் அவளுக்கு நன்றி சொன்னேன். ஒன்றும் அறியாத அத்தை சேலையைச் சரிசெய்துகொண்டு, "நம்ம பிள்ளைக்கு இதுகூட செய்யல்லன்னா நான் பின்ன எதுக்கு மெம்பரு?" என்றாள். வெகுகாலம் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

பழைய புத்தகங்களைக் கடைக்குப் போட்ட அன்றுதான் அந்த ஏழாவது கேள்வியை முதல்முறையாகப் புரிந்து வாசித்தேன். கிராமசபை எப்படிக் கூடுகிறது, எப்படி முடிவெடுக்கிறது என்பதுதான் அது.