வெறும் வயிற்றில் ஒரு டீ

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைப் பார்த்த முதல் ஆள் நான். இப்போது மதுரையில் ஓர் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். கல்லீரல் எவ்வளவு பித்த அமிலம் தயாரிக்கிறது என்பதை ரத்தத்தை வைத்தே கணிப்பதுதான் என் வேலை.

"ஈரலுக்குள்ள போய்ப் பாக்காம எப்படித்தா தெரியும்?" என்று அப்பா ஒருமுறை கேட்டார்.

"மில்லு வாசல்ல சிந்திக் கெடக்குற மாவப் பாத்தே உள்ள எம்புட்டு அரைக்குறாகன்னு தெரியும்லப்பா? பித்த அமிலம் தயாராகுறப்பவும் பாதியில ஒரு பொருள் ரத்தத்துல கொஞ்சம் சிந்தும். அத அளக்குறேன்."

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

நோயாளிகளின் ரத்தம் சேர்ந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத நான்கு பேர்தான் பாக்கி. அளக்கும் கருவியோ அந்த வெள்ளிக்கிழமை மதியம் வரைதான் எங்களுக்கு. தவறினால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். "நம்ம ஊர்ல இல்லாத ஆளா?" என்று அப்பா பொறுப்பேற்றார்.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நான்கு பேரைக் கூட்டி வந்துவிட்டார். பெரியப்பாவும் மூன்று சித்தப்பாமாரும். வெறும் வயிறா என்று கேட்டேன். "ஆமாத்தா" என்றார்கள், ஒரே குரலில். ஊசியைப் பிரித்தபோதுதான் பெரியப்பாவின் மீசையில் பழுப்பு நுரையைக் கவனித்தேன்.

"பெரியப்பா, டீ குடிச்சீகளா?"

"டீயெல்லாம் ஒரு சாப்பாடாத்தா? ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல எறங்குனதும் உங்கப்பன்தான் வாங்கிக் குடுத்தான். ஆளுக்கொரு வடையும்."

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். "மக வேலைக்கு வந்தவுகள எப்படித்தா சும்மா கூட்டியாறது?"

எங்கள் ஊரில் டீ குடித்த பிறகுதான் வயிறு வெறும் வயிறாகவே கணக்கில் வரும். ஆனால் ஏதாவது உள்ளே போனால் நான் தேடும் அளவு மாறிவிடும். நாளின் நேரத்துக்கு ஏற்பவும் ஏறி இறங்கும்; காக்க வைத்து மாலையில் எடுக்கவும் முடியாது. ரத்தத்தை எடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு நிமிடம் ஊசி கையிலேயே இருந்தது. பிறகு குப்பையில் போட்டேன்.

"போய்ட்டு வாங்க. நாளைக்குக் காலையில நான் ஊருக்கு வாரேன்."

"ஏன்டா, டாக்டருக்குப் படிக்கிற மகளையே அலைய விட்டியேடா!" என்று பெரியப்பா அப்பாவை வாரினார். நான் வைத்தியம் பார்க்கும் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சலித்துவிட்டேன்.

ஆய்வு வழிகாட்டி அம்மாவிடம் நடந்ததைச் சொல்லி, ஊரிலேயே ரத்தம் எடுக்க அனுமதி வாங்கினேன். சாயங்காலமே ஐஸ் பெட்டியோடு ஊருக்குப் போய்விட்டேன்.

விடிந்ததும் பார்த்தால், அப்பா டீக்கடை பெஞ்சில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். "எம் மக முடிக்கிற வரைக்கும் இவுக நாலு பேருக்கும் கிளாஸ நீட்டாத மாப்ள" என்று கடைக்காரரிடம் கட்டளை. நால்வரும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, அடுத்தவர் குடிப்பதைப் பார்த்து எச்சில் விழுங்கினார்கள்.

"சீக்கிரம் குத்துத்தா, தலை சுத்துது" என்றார் ஒரு சித்தப்பா.

நான்கு குழாய்களும் பெட்டிக்குள் இறங்கின. பெரியப்பா பஞ்சை அழுத்தியபடியே டீக்குக் குரல் கொடுத்தார். எனக்கும் ஒரு கிளாஸ் வந்தது. பஸ் ஹாரன் அடித்ததால் குடிக்காமலே ஓடினேன். பன்னிரண்டு மணிக்குக் கருவிக்குள் என் நான்கு மாதிரிகளும் வரிசையில் நின்றன.